ஏழின் இடுப்பில் ஒரு கோடு

கச்சேரிக் கிணற்றிலிருந்து
சந்தியோகுவைத் தூக்கும்போது
துலாக்கொடி இரண்டுதரம் வழுகிற்று.
பரீட்சை முடிவு வந்து ஒன்பதாம் நாள்.
மரண விசாரணைக்காரன் நான்,
வாய்க்குள் வெற்றிலையோடு போனேன்.

நுரையீரலில் தண்ணீர் இல்லை என்றார் டாக்குத்தர்.
விழுந்தவன் குடிப்பான்.
போடப்பட்டவன் குடியான்.

மடியில் ஒரு செபமாலை,
நாலாய் மடித்த தாள்.
பென்சில் எழுத்து, கரையவில்லை:
நாலு பேர். ஆளுக்கு எழுபத்தேழு ரூபாய்.
வந்தது பதினேழு.
ஒவ்வொரு ஏழின் இடுப்பிலும்
குறுக்கே ஒரு சின்னக் கோடு.

பிரெஞ்சுச் சுவாமிமாரின் அநாதை மடத்தில்
ஐந்தாம் வகுப்புவரை படித்தவன்.
அவர்கள் போட்டபடி ஏழு போட்டான்.
அத்தாட்சிப் பத்திரம் இல்லாததால்
கிளாக்கர் பரீட்சைக்குத் தண்ணீர் ஊற்றினான்.

விடைத்தாள்கள் கொழும்பிலிருந்து
அரக்கு முத்திரையோடு மெயில் ரயிலில் வந்தன.
மூன்று கிழமை பிடித்தது.
அதற்குள் அவனுக்கு முப்பதாம் நாள் பூசையும் முடிந்தது.
பேர் இல்லை, சுட்டெண் மட்டும்.
இரவில் லாம்பைத் தூண்டிவிட்டுப் பார்த்தேன்.
ஒன்று இடப்பக்கம் சாய்ந்த எழுத்து,
ஒன்று கோழி கிண்டியது,
ஒன்று குண்டு குண்டாய்,
இன்னொன்று கோயில் கணக்கப்பிள்ளையின் நடை.
நாலு கை போலத்தான் இருந்தது
வட்டிக் கணக்கில் ஏழு வரும்வரை.

தண்ணீர் அறைக்குள், பானைக்குப் பின்னால்,
மூன்று மணித்தியாலத்தில் நாலு பேரின் கணக்கு.
செம்பைக் கொண்டுபோனவன்
செம்பின் கீழே தாளையும் கொண்டுபோனான்.
கையை மாற்றினான், சாய்வை மாற்றினான்,
ஏழை மாற்ற மறந்துபோனான்.
நாலும் நூற்றுக்கு நூறு.
எனக்கு அழுகை வரவில்லை,
பெருமை மாதிரி ஏதோ வந்தது,
வெட்கப்பட்டு லாம்பைத் தணித்தேன்.

ஞாயிறு, பட்டுமூட்டைச் சீனன் சைக்கிளில் வந்தான்.
மஞ்சள் பட்டு இரண்டு யாருக்கு
மனைவி பேரம் பேசிக்கொண்டிருக்க
கதை பரீட்சையில் வந்து விழுந்தது.
தானும் எழுதினானாம், வாலிபத்தில்,
கோழிக்கூடு போன்ற அறைக்குள், இரவும் பகலும்.
எழுதியதை இன்னொருவன் சிவப்பு மையில் படியெடுப்பானாம்,
திருத்துகிறவனுக்குக் கை தெரியாதபடி.

அங்கேயென்றால் இந்தக் கோடு
படியெடுப்பவனின் மையில் செத்திருக்கும்.

‘அப்படியும் களவு நடந்ததோ?’ என்றேன்.
‘படியெடுக்கிறவனுக்கும் பசிக்கும் ஐயா’ என்று
முழக்கோலை மடித்தான்.
‘தலை போனதும் உண்டு.’
‘ஆருடைய தலை?’
அவன் என் மனைவியைப் பார்த்து
இன்னும் கால் ரூபாய் குறைத்தான்.

யூரிமார் ஐந்து பேர்.
ஒருவர் ஒருவனுக்குத் தாய்மாமன்,
ஒருவர் இன்னொருவனுக்குப் பெண் கொடுக்க இருந்தவர்.
நாலு பேருக்கும் நியமனக் கடிதம் வந்துவிட்டது.
சீதனம் பேசியாயிற்று.
காணி எழுதியாயிற்று.
‘கால் தவறி விழுந்தான்’ என்றார்கள்.
‘தண்ணீர் குடிக்காமலோ?’ என்றேன்.
‘விரத நாளாய் இருக்கும்’ என்றது ஒரு குரல்.
சிரித்தார்கள்.
கையெழுத்து வைத்தேன்.

அறிக்கையைப் படியெடுக்க வந்தவன்
சிவக்கொழுந்து, புதுக் கிளாக்கர், நால்வரில் ஒருவன்.
சட்டைக் கழுத்து இன்னும் விறைப்பு.
‘தம்பி, ஒரு ஏழு போடும் பாப்பம்’ என்றேன்.
போட்டான்.
இடுப்பில் ஒன்றுமில்லாத மொட்டை ஏழு.
நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பேனை முள்ளிலிருந்து ஒரு சொட்டு
மேசையில் விழுந்தது.

நான் கேட்டது அவனை மட்டும்.

அடுத்த மாதம் முதல்
கச்சேரியின் நாலு மேசைகளிலும்,
காணித் தீர்வையிலும் தவறணைக் கணக்கிலும்
பிறப்பிலும் இறப்பிலும்
ஏழுக்குக் குறுக்கே கோடு விழுகிறது.
பழக்கமில்லாத கோடு,
அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல நேராக.

சந்தியோகுவின் விசாரணைக்கு
எனக்கு வந்த படிக்காசுத் துண்டிலும் இருந்தது:
ரூபாய் ஏழு.
காசை எண்ணி வாங்கினேன்.
கோட்டின் மேல் விரல் பட்டது.
மை இன்னும் காயவில்லை.